முன்னால் ஒன்று, இடப்பக்கம் இரண்டு

பயிற்சி விமானத்தைத் தனியாக ஓட்ட விடுவதற்கு முன் ஒரு சோதனை வைப்பார்கள். அதில் நான் தேறவில்லை. காரணம் ஒரே ஒரு திருப்பம்.

ஓடுபாதையிலிருந்து கிளம்பி, இடப்பக்கமாகவே நான்கு முறை திரும்பி, வானத்தில் ஒரு நீள்சதுரம் போட்டு, கிளம்பிய இடத்திலேயே வந்து இறங்க வேண்டும். இதை சர்க்யூட் என்போம். முதல் மூன்று திருப்பங்களில் பெரிய குறை இல்லை. நான்காவதில் ஓடுபாதையின் நேர்கோட்டைத் தாண்டிப் போய்விடுவேன். பிறகு வளைந்து நெளிந்து கோட்டுக்கு வந்து, எப்படியோ இறங்கிவிடுவேன். "இறங்கிவிட்டாய், சரி. ஆனால் நீ இறக்கவில்லை" என்றார் பயிற்றுநர். அவர் அதிகம் பேசமாட்டார். அதனால் அந்தச் சொற்கள் ஊர் வரும்வரை கூடவே வந்தன.

பயிற்சிப் பள்ளியின் விமானங்கள் பராமரிப்புக்குப் போயிருந்ததால் எங்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். திரும்பியதும் மறுபடி சோதனை. அதிலும் தேறாவிட்டால் அடுத்து வரும் குழுவோடு சேர்ந்து முதல் பாடத்திலிருந்து தொடங்க வேண்டும். எனக்கு அது முடியாது. உதவித்தொகையும் அத்தனை நாள் தாங்காது. என் மனசும் தாங்காது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அப்பா விசைப்படகில் டிரைவர். அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவள். தூத்துக்குடியில் கடலை ஒட்டிய எங்கள் தெருவில் நான் ஏற்கெனவே பைலட். என்னைக் கேட்காமலே ஆக்கிவிட்டார்கள். நானும் மறுத்ததில்லை, ஆகப்போகிறவள்தானே. சோதனையில் தேறாததை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. "லீவு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கல்லூரி நாட்களில் ஒவ்வொரு பாகமாகச் சேர்த்துக் கட்டிய ஒரு கணினி வீட்டில் இருந்தது. விமானம் ஓட்டும் மென்பொருளும் இருந்தது. விமானத்தில் இருப்பதைப் போன்ற கைப்பிடி ஒன்றும் வைத்திருந்தேன். மாட்டுக்கொம்பு மாதிரி இரண்டு பக்கமும் வளைந்திருக்கும், மேசை விளிம்பில் திருகி வைத்துக்கொள்ளலாம். குறை, திரை ஒன்றுதான். பழைய திரை சின்னது. நிறம் மங்கி, ஓரத்தில் உப்புக்காற்று அரித்து, கோடு விழுந்திருந்தது.

என்ன திரை வாங்குவது என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அப்பா பெரிய டிவி ஒன்றை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். "பிளேன் ஓட்டுத பிள்ளைக்குப் பெருசா வேணும்லா" என்றார். சுவரில் மாட்டியதும் முன்னறை முழுக்க அதுவே நிறைந்தது. மறுத்துச் சொல்ல எனக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை. உண்மையில் எனக்கும் அது பிடித்திருந்தது. இவ்வளவு பெரிய வானத்தை நான் எந்தக் கணினியிலும் பார்த்ததில்லை.

எங்கள் பக்கம் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. சர்ச்சில் பூசை முடிந்து வந்தால் ஆண்களுக்கு வேலை இல்லை. முதல் ஞாயிறே அப்பாவோடு படகில் போகும் நான்கைந்து பேர் வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் வாகைக்குளம் விமான நிலையத்திலிருந்து கிளம்பிக் காட்டினேன். உப்பளங்கள் சின்னச் சின்னச் சதுரமாக வந்தன. அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் வந்தன. துறைமுகம் வந்ததும் அறையே எழுந்து நின்றுவிட்டது.

"ஏளா, மெதுவாப் போ, மெதுவாப் போ. நம்ம போட்டு தெரியுதான்னு பாக்கணும்."

"இது வானத்துல இருந்து எப்பவோ எடுத்த படம்ணே. அன்னைக்கு எங்கன நின்னுச்சோ அங்கனதான் தெரியும்."

"எல்லாப் போட்டும் கரையில கெடக்கே. அப்ப இது ஞாயித்துக்கிழமை எடுத்த படம்லே!"

அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் வாய்விட்டுச் சிரித்தேன். ஏனென்றால் அது சரியாகத்தான் இருக்க வேண்டும். அத்தனை படகும் வரிசையாகக் கட்டிக்கிடந்தன.

அதன் பிறகு ஞாயிறுதோறும் கூட்டம். ஒருவருக்கு முயல் தீவைச் சுற்ற வேண்டும். ஒருவருக்கு மாமியார் வீடு ஏரலில். ஆற்றுப் பாலத்துக்கு மேலே போக வேண்டும். அடுத்த வீட்டு அக்கா, தான் புதிதாகக் கட்டிய மாடியைக் காட்டச் சொன்னாள். படம் எடுத்த காலத்தில் மாடி இல்லை என்றதும் என்மேல் கோபித்துக்கொண்டாள். அப்பாவும் ஒருமுறை உட்கார்ந்து ஓட்டினார். கடலில் அலை ஏறுவதுபோலக் கைப்பிடியை மெல்ல மெல்ல ஆட்டி, நேராக உப்பளத்தில் கொண்டுபோய்ச் சொருகினார்.

"அண்ணாச்சி இறக்கிட்டாரு! இனி வாரி மூட்டையில கட்ட வேண்டியதுதான்."

"போலே. உன்னய வச்சு ஏத்துனா வாகைக்குளத்துலேர்ந்தே கெளம்பாது."

வார நாட்களில் நான் சர்க்யூட் மட்டும் போட்டேன். காலையில் அப்பா கடலுக்குப் போன பிறகு தொடங்கினால் வெயில் ஏறும்வரை. ஒரு திரை எதிரே மட்டும்தான் காட்டும். விமானமோ ஓடுபாதையை இடப்பக்கம் வைத்துக்கொண்டு அதற்கு இணையாகப் பறக்கும். இடப்பக்கம் பார்க்க, கைப்பிடியின் இடது கொம்பில் பெருவிரல் படும் இடத்தில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. அதைத் தள்ளினால் டிவியில் இடப்பக்கத்துக் காட்சி வரும். விட்டால் எதிர்க்காட்சி வரும். தள்ளுவேன், ஓடுபாதை எங்கே என்று பார்ப்பேன், விடுவேன், திரும்புவேன். இரண்டே வாரத்தில் நான்காவது திருப்பம் நூல் பிடித்தாற்போல் வந்தது. அம்மா அடுத்த வீட்டு அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "இப்பப் பாரு, இந்தா திரும்புவா" என்பாள். சொன்னபடி நான் திரும்புவேன். தேறிவிடுவேன் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

மாப்பிள்ளையூரணியில் அம்மாவுக்கு ஒரு சித்தி இருக்கிறார். அவரைப் பார்த்துவிட்டு அம்மாவை ஸ்கூட்டரில் பின்னால் வைத்துத் திரும்பிவந்துகொண்டிருந்தேன். கண்டெய்னர் லாரிகள் போகும் பெரிய சாலையில் ஏறும் இடம். வலப்பக்கம் பார்த்துவிட்டு ஏற வேண்டும். நானும் பார்த்ததாகத்தான் நினைத்தேன். ஹாரன் அடித்தது. என் வண்டியின் ஹாரன். என் இடது கைப் பெருவிரல் அதை அழுத்திக்கொண்டிருந்தது. கழுத்து திரும்பவே இல்லை.

அம்மா என் தோளைப் பிடித்து இழுத்தாள். பிரேக் போட்டேன். எதிரே ஒரு லாரி, அதன் பின்னால் இன்னொரு லாரி, உரசாமல் ஆனால் உரசுகிற காற்றோடு போயின.

"ஆரன் எதுக்குளா அடிக்க? பாத்துப் போறத விட்டுட்டு."

வண்டியை ஓரம் கட்டி, இறங்கி நின்றேன். அம்மா நான் பயந்துவிட்டேன் என்று நினைத்துத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள். லாரிக்கு நான் பயப்படவில்லை. என் பெருவிரல் பார்க்கப் பழகியிருக்கிறது. கழுத்து பழகவில்லை. நிஜ விமானத்தில் அந்த இடத்தில் பொத்தான் இல்லை. அதே சோதனை, அதே திருப்பம், பெருவிரல் அங்கே எதையோ தேடிக்கொண்டிருக்கும். ஓடுபாதை கடந்து போயிருக்கும்.

அன்று சாயங்காலம் டிவியை அணைத்துவிட்டு யோசித்தேன். பொத்தானை அழுத்தினால் காட்சி சட்டென்று குதித்து மாறுகிறது. நிஜத்தில் அப்படி இல்லை. ஓடுபாதை இறக்கைக்கு அருகே தெரிந்து, மெல்ல மெல்லப் பின்னுக்கு நகர்ந்து, தோளுக்குப் பின்னால் போகும். அந்த நகர்வுதான் மூன்றாவது திருப்பத்தை எப்போது எடுக்க வேண்டும் என்று சொல்கிறது. அது கொஞ்சம் பிசகினாலும் நான்காவது தாண்டிப் போய்விடும். நான் பள்ளியிலும் அதைப் பார்க்கவில்லை. எதிரேயும் கருவிகளையுமே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் அந்தப் பார்க்காமையை நன்றாகப் பயிற்சி செய்திருக்கிறேன்.

மிச்சமிருந்தவை இரண்டு வழிகள். ஒன்று, கண்ணை மறைத்துத் தலையில் மாட்டிக்கொள்ளும் வி.ஆர். கருவி. என்னோடு கல்லூரியில் படித்த காயல்பட்டினத்துத் தோழியிடம் ஒன்று இருந்தது. அவளுடைய காக்கா, அதாவது அண்ணன், துபாயிலிருந்து கொண்டுவந்தது. கேட்டதும் கொண்டுவந்து கொடுத்தாள். மாட்டிக்கொண்டு இடப்பக்கம் தலையைத் திருப்பினேன். இறக்கை இருந்தது. இறக்கைக்கு அப்பால் ஓடுபாதை இருந்தது. தலையை இன்னும் திருப்பினால் இன்னும் தெரிந்தது. கொஞ்ச நேரம் ஓட்டவே இல்லை, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆனால் என் கை எனக்குத் தெரியவில்லை. எஞ்சின் வேகத்தைக் கூட்டும் கம்பி எங்கே, இறக்கையின் பின்மடிப்பை இறக்கும் விசை எங்கே என்று மேசையைத் தடவிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் வேர்வையில் கண்ணாடி உள்ளே மூடுபனி பிடித்தது. கழற்றியபோது அம்மா பக்கத்தில் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள்.

"எவ்ளோ நேரமா நிக்க?"

"காப்பி ஆறிட்டு. நீ இங்கன இருக்க மாதிரியே தெரியல. தொடவும் பயமா இருந்துச்சு."

ஒரு கெட்ட பழக்கத்தை மறக்க வந்த இடத்தில், தடவித் தடவி ஓட்டும் இன்னொன்றைக் கற்றுக்கொள்ள எனக்கு நேரம் இல்லை. மறுநாளே தோழியிடம் திருப்பிக் கொடுத்தேன். "தலை சுத்திச்சா?" என்று சிரித்தாள். சுற்றியது, ஆனால் நான் சொல்லவில்லை.

இன்னொரு வழி மூன்று திரைகள். துறைமுகத்துக் கப்பல் ஏஜென்சி அலுவலகங்கள் கணினிகளை மாற்றும்போது பழையவை வந்துசேரும் கடை ஒன்று உண்டு. கப்பல் சம்பந்தப்பட்ட எதுவாக இருந்தாலும் கெட்டியாக இருக்கும் என்று எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை. அலுவலகத்து மேசையில் இருந்த திரைக்கும் அந்த மரியாதை கிடைக்கும். கடைக்கார அண்ணாச்சி ஒவ்வொன்றையும் அதை நம்ப வைத்தே விற்பார்.

"ஒரே மாதிரி மூணு வேணும் அண்ணாச்சி. அளவு, உயரம், நிறம் எல்லாம்."

"மூணு எதுக்கும்மா? பெருசா ஒண்ணு கெடக்கு, கொண்டு போ."

"பெருசு வீட்டுலயே இருக்கு."

"மூணும் ஒரே வயித்துப் பிள்ளைகதான். ஒரே ஆபீஸ்லேர்ந்து வந்தது."

"ஒரே வயித்துப் பிள்ளைன்னா இது ஏன் மஞ்சளா இருக்கு?"

"வெயில்ல விளையாடிருக்கும்."

மஞ்சளாக இருந்ததைத் தள்ளிவைத்துவிட்டு, உள்ளே இருந்து வேறொன்றை எடுத்துவரச் சொல்லி, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் ஏற்றிப் பார்த்த பிறகுதான் விட்டேன். ஓரச்சட்டம் மெலிசாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றிலும் விரல் வைத்துப் பார்த்தேன். சட்டம் தடியாக இருந்தால் ஓடுபாதை ஒரு திரையிலிருந்து அடுத்ததுக்குப் போகும் இடத்தில் காணாமல் போய்விடும். "என்ன வேலை பாக்க?" என்று கேட்டார் அண்ணாச்சி. "பைலட்" என்றேன். சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் பணத்தை எண்ணினேன்.

இணையத்தில் மூன்று திரை வைத்திருக்கும் எல்லோரும் நடுவில் ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று என்றுதான் வைத்திருந்தார்கள். நானும் அப்படியே வைத்துப் பார்த்தேன். இடப்பக்கத் திரையில் ஓடுபாதை இறக்கை வரை நகர்ந்தது. அதற்குப் பின்னால் சுவர். எனக்கு வேண்டியதோ தோளுக்குப் பின்னால் போகும் அந்தக் கடைசி நகர்வு. வலப்பக்கத் திரையில் என் பயிற்சி முழுவதும் வெறும் வானம்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதை எடுத்து இடப்பக்கத் திரைக்கும் அடுத்ததாக, என் தோளுக்குப் பின்னால் சாய்த்து வைத்தேன். முன்னால் ஒன்று, இடப்பக்கம் இரண்டு. மென்பொருளில் ஒவ்வொரு திரைக்கும் கோணத்தைத் தனித்தனியாகக் கொடுத்துச் சரிசெய்ய ஒரு பகல் முழுக்க ஆனது. இப்படி வைத்த ஒருவரையும் நான் எங்கும் பார்க்கவில்லை. எனக்கு அதில் இப்போதும் பெருமைதான்.

மூன்றாவது திரை அடுப்படி வாசலைப் பாதி மறித்துவிட்டது. அம்மா தண்ணீர்க் குடத்தோடு ஒருக்களித்து நுழையப் பார்த்து நின்றாள்.

"வலப்பக்கம் ஒண்ணும் வைக்கலியே. அந்தப் பக்கம் எவனாச்சும் வந்தா?"

"அந்தப் பக்கம் வாத்தியார் உக்காந்திருப்பாரு. அவரு பாத்துக்கிடுவாரு."

"அப்ப சரி."

பிறகு அவள் என் பின்னால் வந்து நின்று பார்த்தாள். முன்திரை மட்டும் ஓரளவு சரியாகத் தெரிந்திருக்கும். மற்ற இரண்டும் நான் உட்காரும் இடத்திலிருந்து பார்த்தால்தான் சேர்ந்து ஒரே வானமாகும். அவள் நின்ற இடத்திலிருந்து எல்லாம் கோணல்.

"நாங்க எங்கன இருந்து பாக்க?"

டிவி சுவரில் இருந்தது, கணினியோடு அதை இணைக்கும் கம்பியைக் கழற்றியிருந்தேன். "இது ஒரு ஆளுக்குத்தான்மா தெரியும்" என்றேன். அம்மா குடத்தை இறக்கி வைக்காமல் கொஞ்ச நேரம் நின்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கம்பக்கத்துப் பெண்கள் நடுவில் நாற்காலி போட்டு உட்காருவது அவளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். மூன்றாம் வகுப்போடு நின்ற பிறகு அவளுக்கு அப்படி ஒரு நாற்காலி கிடைத்ததில்லை.

அப்போதுதான் சொன்னேன். "நான் பெயிலாகிட்டேம்மா. வெறும் லீவு இல்ல. திரும்பவும் பெயிலானா திரும்ப முதல்லேர்ந்து."

"இத்தன நாளு நல்லாத்தான திரும்புன?"

"அது டிவிக்குத்தான் நல்லா இருந்துச்சு."

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்றும் நினைத்தேன். "ஞாயித்துக்கிழமைக்கு நான் பாத்துக்கிடுதேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குள் ஒருக்களித்துப் போனாள்.

ஞாயிறு வந்தது. படகு ஆட்கள் வழக்கம்போல வந்து, திரைகளைப் பார்த்ததும் குழம்பினார்கள்.

"என்ன ஏளா, டிவிய விட்டுட்டு மூணு பொட்டிக்குள்ள ஒளிஞ்சு உக்காந்திருக்க?"

"படமே கோணலாக் கெடக்கு. குடிச்சிட்டு ஓட்டுத மாதிரி."

அம்மா உள்ளே இருந்து குரல் கொடுத்தாள். "அவளுக்குப் பரிச்ச இருக்கு. படிக்கா. இங்கன சத்தம் போடப்படாது. டிவில கிரிக்கெட்டு போட்டிருக்கேன், வேணுன்னா சத்தமில்லாமப் பாருங்க."

எங்கள் தெருவில் பரீட்சை என்ற சொல்லுக்குத் தனி மரியாதை உண்டு. பரீட்சை எழுதி முடித்தவர்கள் குறைவு என்பதால்கூட இருக்கலாம். அவர்கள் ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு கிரிக்கெட் பார்த்தார்கள். விக்கெட் விழுந்தபோது வாயைப் பொத்திக்கொண்டு குதித்தார்கள். ஒருவர் மட்டும் நடுவில் எட்டிப் பார்த்து, "திரும்பிட்டியா?" என்று கிசுகிசுத்தார். "திரும்பிட்டேண்ணே" என்றேன். திருப்தியாகப் போய்விட்டார்.

பெருவிரல் அந்தப் பழக்கத்தைக் கற்றதைவிட மறக்க அதிக நாள் ஆனது. கைப்பிடியில் அந்தப் பொத்தானின் மேல் துணி சுற்றிக் கட்டினேன். முதலில் விரல் துணியைத் தடவும். பிறகு நின்றுவிட்டது. கழுத்து வலித்தது, கழுத்து வலித்த அன்று எனக்கு நிம்மதியாக இருந்தது. ஓடுபாதை முன்திரையில் தோன்றி, இரண்டாவது திரைக்கு வழுக்கி, மெலிசான சட்டத்தைத் தாண்டி மூன்றாவதற்குப் போகும். அதைக் கண்ணால் தொடர்ந்து, எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று பார்த்து, காற்று என்னைத் தள்ளுகிறதா இழுக்கிறதா என்று தெரிந்துகொண்டு திரும்பினேன். டிவியில் இருந்ததைப்போல நூல் பிடித்தாற்போல் வரவில்லை. சில நாள் தாண்டிப் போனேன், சில நாள் முன்னாலேயே திரும்பிவிட்டேன். ஆனால் ஏன் தாண்டினேன் என்று ஒவ்வொரு முறையும் எனக்குத் தெரிந்தது.

திரும்பிப் போனேன். சோதனைக்கு வலப்பக்க இருக்கையில் அதே பயிற்றுநர். மூன்று சர்க்யூட். கடைசித் திருப்பம் முடிந்து ஓடுபாதை நேர் எதிரே நின்றபோது நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இறங்கி, ஓடுபாதையை விட்டு ஒதுங்கியதும், நிறுத்தச் சொன்னார். இருக்கை வாரைக் கழற்றினார்.

"ஒரே ஒரு சர்க்யூட். இறக்கிவிட்டு வா."

புல்லில் இறங்கி, கதவைச் சாத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்து போனார்.

ஆள் குறைந்ததும் விமானம் சீக்கிரமாக எழும்பியது. நினைத்ததற்கு முன்பே உயரம் வந்தது. ஓடுபாதைக்கு இணையாகப் பறந்தபோது தலையைத் திருப்பினேன். அது அங்கே இருந்தது, வெயிலில் வெளுத்து, இறக்கை விளிம்பிலிருந்து பின்னுக்குப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் எந்தச் சட்டமும் இல்லை. தோளுக்குப் பின்னால் போகும்வரை பார்த்தேன். திரும்பினேன். மறுபடி பார்த்தேன். திரும்பினேன். ஓடுபாதை நடுவில், நேராக. சக்கரம் தரையில் பட்ட சத்தம் என்னைத் தவிர யாருக்கும் கேட்டிருக்காது.

முதல்முறை தனியாகப் பறந்து வருபவர் தலையில் வாளித் தண்ணீரை ஊற்றுவது எங்கள் பள்ளி வழக்கம். ஊற்றினார்கள். பயிற்றுநர் கை கொடுத்தார். நனைந்த சட்டையோடு கொட்டகை நிழலில் நின்று வீட்டுக்குப் போன் செய்தேன். அப்பா கடலில். அம்மா எடுத்தாள்.

"ஒத்தையிலயா ஓட்டுன?"

"ஒத்தையில."

"யாரு பாத்தா?"

"மேல யாரும் இல்லம்மா. நான் மட்டுந்தான்."

பின்னணியில் மீன்காரம்மாவின் குரல் தெருவோடு கடந்து போனது கேட்டது.

"சரி. இரு, அடுப்ப அணைச்சிட்டு வாரேன்" என்றாள் அம்மா. நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. "ம், இப்பச் சொல்லு. கெளம்புனதுலேர்ந்து சொல்லு. ஒண்ணையும் விட்டுராத."

நான் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.